தமிழரசி கார்டு மாற்றிய நாள்

1

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரிய ரூட்டரின் மூளையை மாற்றினோம். ஊரெல்லாம் இணையத்தில் இருக்கும் பகல் வேளையில்தான் மாற்றினோம். வேலை முடிந்ததும் எங்கள் மேலாளர் அறிக்கையில் ஒரே ஒரு வரி எழுதினார்: வாடிக்கையாளர்களுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை. பக்கத்து மேசைக்காரர் பிஸ்கட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். கொண்டாட்டம் அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரத்துக்கு நான் வந்து இத்தோடு பன்னிரண்டு வருஷம். என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்துவிடுவது என் வழக்கம். அந்த ஒற்றை வரியைப் படித்தபோது, இந்த முறையாவது ஊர்க்காரர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால், இந்த வேலையை நான் பார்த்த வரையில் மிக அழகாகச் செய்தவள் லீட்ஸில் இல்லை. கொல்லிமலையில், செம்மேட்டில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருக்கிறாள். பெயர் தமிழரசி. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனில் யாரையாவது முகம் பார்த்துப் பேசும்போது, அந்தப் படமும் குரலும் பல ரூட்டர்களைக் கடந்து போகின்றன. ஒவ்வொரு ரூட்டரும் ‘இந்த முகவரிக்கு இந்தப் பக்கம்’ என்று கைகாட்டி அனுப்புகிறது. அந்த வழிகள் அதற்குத் தானாகத் தெரியாது. பக்கத்து ரூட்டர்களோடு ஓயாமல் பேசித்தான் தெரிந்துகொள்கிறது. ஒரு ரூட்டர் பேச்சை நிறுத்தினால், மற்றவை அது செத்துவிட்டதாக முடிவுகட்டி, அதன் வழியாகப் போகும் பாதைகளை எல்லாம் அழித்துவிடும். பிறகு அது எழுந்து வந்தாலும் எல்லாம் ஆரம்பத்திலிருந்துதான். அதற்குள் பேசிக்கொண்டிருந்தவர்களின் அழைப்பு அறுந்திருக்கும்.

அதனால் பெரிய ரூட்டரில் மூளை கார்டு இரண்டு வைப்பார்கள். ஒன்று வேலை செய்யும். மற்றது, அதற்குத் தெரிந்ததையெல்லாம் தானும் தெரிந்துகொண்டு பக்கத்திலேயே காத்திருக்கும். முதல் கார்டு விழுந்தால் இரண்டாவது எடுத்துக்கொள்ளும். மூளை கைமாறும் அந்த இடைவெளியில், தகவலைத் தள்ளிவிடும் மற்ற கார்டுகள் கையில் இருக்கும் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டிருக்கும். எல்லாம் சரியாக அமைந்தால் மாறியதே யாருக்கும் தெரியாது.

2

இந்தத் தொழிலில் இப்படி மாற்று வைத்திருப்பதற்கு ஆங்கிலத்தில் ரிடன்டன்ட் என்று பெயர். எங்களுக்கு அது மங்கலச் சொல். ஒரு கருவி ரிடன்டன்ட் என்றால் பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருள்.

லீட்ஸுக்கு வந்த இரண்டாவது வருஷம், எங்கள் தெருவில் வசித்த ஒருவர் வேலை நாளில் வாசல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். லீவா என்று விசாரித்தேன். இல்லை, தன்னை ரிடன்டன்ட் ஆக்கிவிட்டார்கள் என்றார். நான் முகமெல்லாம் சிரிப்பாக, ரொம்ப நல்ல செய்தி என்று வாழ்த்துச் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஆள் வேண்டாம் என்று வேலையைவிட்டு அனுப்புவதற்கு இந்த நாட்டில் அந்தச் சொல்தானாம்.

அதே வருஷம் எங்கள் விசா முடிந்தது. நீட்டிப்புக்கு நாள் தவறாமல் விண்ணப்பித்துவிட்டோம். பதில் வரும் வரை பழைய உரிமைகள் அப்படியே தொடரும் என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு விசா அட்டையில் உள்ள காலாவதித் தேதிதான் தெரிகிறது. வீட்டுக்காரர், வங்கி, என் அலுவலகத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவு என்று ஒவ்வோரிடமும் போய் அந்தச் சட்டத்தை விளக்கினேன். நான் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு மேலதிகாரி எழுதித் தர வேண்டும் என்றார்கள். அட்டை வருவதற்குள் என் கணவருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. பதில் வரும்வரை பழைய பாதையை அழிக்காமல் பொறுத்திருப்பது மனிதர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போது கண்டேன்.

3

தமிழரசி கதைக்கு வருகிறேன். கொல்லிமலையில் ஊர்க்கூட்டங்களை நாடு என்போம். அவள் ஊர் பைல் நாடு. நான் குண்டூர் நாடு. பன்னிரண்டாவது முடித்ததும் நான் கோயம்புத்தூர் போனேன், அவள் நாமக்கல்லில் டிப்ளமா படித்தாள். சில வருஷம் சேலத்தில் ஒரு இணைய நிறுவனத்தில் வேலை பார்த்தாள். கல்யாணமானதும் மலைக்கே திரும்பினாள். அப்போது மேலே போன் சிக்னலுக்கே பாறை மேல் ஏறி நிற்க வேண்டிய ஊர்கள் இருந்தன. அவளும் அவள் கணவர் செந்திலும் அடிவாரத்திலிருந்து கம்பம் கம்பமாக ஃபைபர் இழுத்துக்கொண்டு மலைப்பாதையின் எழுபது வளைவுகளையும் ஏறி வந்தார்கள். பலா மரமும் மிளகுக் கொடியும் கம்பிக்கு இடம்விட வேண்டும், காட்டிலாகா அனுமதிக்க வேண்டும், குரங்கு கடிக்காமல் இருக்க வேண்டும். இதெல்லாம் முடிந்து, இன்று பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரி, ஊர் ஊராக வீடுகள் எல்லாம் அவள் லைனில் இருக்கின்றன.

பெங்களூரில் மூடிய ஒரு கம்பெனியிடமிருந்து இரண்டு மூளை கார்டு உள்ள பழைய ரூட்டர் ஒன்றை வாங்கினாள். பழைய மாடல் என்பதால் அதில் ஒரு குறை உண்டு. மூளை மாறும்போது பக்கத்து ரூட்டரோடு நடக்கும் பேச்சு ஒரு கணம் அறுந்து மறுபடி தொடங்கும். அந்தக் கணத்தில் பாதைகளை அழிக்காமல் பொறுத்திருக்கும்படி பக்கத்து ரூட்டரிலும் சொல்லி வைக்க வேண்டும். பக்கத்து ரூட்டர் அவளுடையதல்ல, அடிவாரத்தில் இவளுக்கு இணைப்புத் தரும் பெரிய கம்பெனியுடையது. அவர்கள் செய்ய வேண்டியது ஒரே ஒரு செட்டிங்.

அதற்கு அவள் பட்ட பாட்டைப் போனில் எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் புது ஆள் எடுப்பான். முதலிலிருந்து விளக்குவாள். நெட் வருதுங்களா என்று கேட்பான். வருகிறது என்றால், அப்புறம் என்ன பிரச்சினை என்று புகாரை மூடிவிடுவான். டெக்னிகல் சார் இருந்தால் போனைக் கொடுங்கள் என்று சிலர் சொல்வார்களாம். நான்தான் அந்த சார் என்பாள். கடைசியில் பஸ் பிடித்து அவர்கள் ஆபீசுக்கே போய், விஷயம் புரிந்த ஒரு என்ஜினியர் கிடைக்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் வந்தார், கேட்டார், அவள் கண்ணெதிரிலேயே அந்த செட்டிங்கைப் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தவள், வேலை முடிஞ்சது புள்ள என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த திருப்தியை நான் அப்படியே வைத்திருக்கிறேன்.

4

போன விடுமுறைக்கு மகள் நிலாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். நிலாவுக்குப் பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். மாமா, அத்தை என்று கூப்பிடத் தெரியும், அதற்கு அடுத்த வாக்கியம் வராது. என் அண்ணன் அவளிடம், “கண்ணு, பலாச்சுளை திங்கறியா சாமி?” என்று கேட்டால், எங்கள் பக்கம் பிள்ளைகளைச் செல்லமாகச் சாமி என்பது தெரியாமல், சாமி யார் என்று என்னைப் பார்ப்பாள். அவள் மேல் தப்பில்லை. நாங்கள் இருவரும் வேலைக்கு ஓடிய வருஷங்களில் அவள் எந்த மொழியில் வளர்ந்தாளோ அதில்தான் பேசுகிறாள். ஆனாலும் அண்ணன் முகம் வாடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

ஊருக்குப் போன இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. மலைப்பாதையில் மரம் சாய்ந்து, பாறையும் உருண்டு பஸ் நின்றுபோனது. மின்சாரம் போனது. அதைத் தொடர்ந்து செல்போன் டவர்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. மூன்றாம் நாள் காலை மழை சற்று ஓய்ந்ததும், லீட்ஸில் இருக்கும் கணவருக்குச் சேதி சொல்ல தமிழரசியின் ஆபீசுக்குப் போனேன். மலையில் அன்று வெளியுலகத்தோடு பேச இருந்த ஒரே வழி அவளுடைய லைன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. செந்தில் எங்கோ அறுந்த கம்பியைக் கட்டப் போயிருந்தார்.

நான் கணவரோடு பேசி முடிக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அதே லைன் வழியாகத் தமிழரசிக்கு அழைப்பு வந்தது. பேசியவர் அங்கே இருந்த இளம் பெண் டாக்டர். எடப்புளி நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் காலையில் பிரசவமாகி, குழந்தை நன்றாக இருக்கிறது. ஆனால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கீழே கொண்டுபோகப் பாதை இல்லை. பாறையை அகற்ற மதியத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அதுவரை கீழே இருக்கும் மகப்பேறு மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பார்த்துச் சொல்ல, இவர் செய்துகொண்டிருக்கிறார்.

“அக்கா, லைன் மட்டும் போயிரக் கூடாது,” என்றார் டாக்டர். வேறொன்றும் கேட்கவில்லை.

5

நான் வருவதற்குச் சற்று முன் அடித்த ஒரு இடியில் ரூட்டருக்கு அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. இரண்டாவது கார்டு அணைந்து, மறுபடி எழுந்து, வேலையில் மூழ்கியிருந்த முதல் கார்டிடமிருந்து எல்லாவற்றையும் மெல்லப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தது. கற்று முடிக்கும் வரை அது தயாராக இருக்காது. இது தமிழரசிக்குத் தெரியும், கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். டாக்டர் பேசி வைத்த சிறிது நேரத்தில் திரையில் சில வரிகள் வேகமாக ஓடின. முதல் கார்டின் நினைவகத்தில் பிழை.

அந்த வரிகளை நான் லீட்ஸில் பார்த்திருக்கிறேன். இதே வகைக் கார்டு. கொஞ்ச நேரம் இப்படிப் புலம்பிவிட்டுத் தானாக அணைந்து எழும். எழுந்து எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளப் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் ஆகும். அவளிடம் சொன்னேன்.

“எப்ப அணையும்?”

“சொல்ல முடியாது தமிழு. உடனேயும் ஆகலாம், அரை மணி தாங்கினாலும் தாங்கும்.”

அவள் பதறவில்லை. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு யோசித்தாள். இரண்டாவது கார்டு தயாராகும் முன்பே அதனிடம் பொறுப்பைக் கொடுத்தால், பாதை தெரியாத கார்டு எல்லா இணைப்பையும் அறுத்துவிடும். அது தயாராகும் வரை முதல் கார்டு உயிரோடு இருக்க வேண்டும். சாகப்போகும் கார்டின் சுமையைக் குறைப்பது ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது.

இருவரும் சேர்ந்து குறைக்க ஆரம்பித்தோம். கணக்கெடுப்பு, பதிவுகள், கண்காணிப்பு என்று அதன் தலையில் ஏற்றியிருந்த சில்லறை வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அவள் இன்னொன்றைக் கண்டாள். ஊர்களில் மின்சாரம் வந்து வந்து போனதால், வீடுகளின் மோடம்கள் அணைந்து எழுந்து, ஒவ்வொரு முறையும் உள்ளே வர அனுமதி கேட்டு முதல் கார்டை நச்சரித்துக்கொண்டிருந்தன. புதிதாக வரும் வீட்டு இணைப்புகளை அவள் மொத்தமாக நிறுத்தினாள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. வெளியே இருந்தவர்களுக்கு மட்டும் நெட் வராது. திரையில் பிழை வரிகளின் ஓட்டம் கொஞ்சம் குறைந்தது.

பத்து நிமிஷத்தில் படியேறி ஒருவர் வந்தார். ஏனுங்க, கரன்ட் வந்தும் ஊட்டுல நெட் வரலீங்களே என்றார். தமிழரசி திரும்பாமலேயே, தான்தான் நிறுத்தி வைத்திருப்பதாகவும், மதியத்துக்குள் விடுவதாகவும், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னாள். மனிதர் எங்கள் முதுகுகளைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பிறகு அவள் செய்தது என் மனதில் அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. வேலையில் இருக்கும் டாக்டரைக் கலவரப்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பேன்.

“மேடம், இங்க ஒரு கார்டு போகப் போகுதுங்க. இன்னொண்ணுக்கு மாத்தப் போறேன். போவாதுன்னுதான் நெனைக்கறேன். ஆனா போச்சுன்னா பத்து நிமிஷம் ஆவும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்னென்ன செய்யணும்னு பெரிய டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு வச்சுக்கங்க.”

சரிங்க அக்கா என்றார் டாக்டர்.

அதன் பிறகு காத்திருப்புதான். திரையின் ஒரு மூலையில் இரண்டாவது கார்டின் நிலை: கற்றுக்கொண்டிருக்கிறது. இன்னொரு மூலையில் முதல் கார்டின் பிழைகள் கூடிக்கொண்டே வந்தன. அறைக்குள் ஜெனரேட்டர் இரைச்சல். நான் எழுந்து போய் மேசை விசிறியை ரூட்டர் பக்கம் திருப்பி வைத்தேன். அதனால் பெரிய பயன் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பெரிய நகரத்தின் போக்குவரத்தையே தாங்கும் ரூட்டர்களை நான் கையாண்டிருக்கிறேன். அங்கே தவறினால் ஆயிரம் பேர் படம் பார்ப்பது தடைப்படும். இங்கே மறுமுனையில் ஒரு பெண் ரத்தம் சொட்டக் கிடந்தாள்.

நிலை மாறியது. தயார்.

நான் மூச்சை விட்டு, மாத்திரு என்றேன். தமிழரசி மாற்றவில்லை. பாதைகளின் எண்ணிக்கை இரண்டு கார்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். அடிவாரத்து ரூட்டர் பொறுத்திருக்கச் சம்மதித்த செட்டிங் இப்போதும் இருக்கிறதா என்று பார்த்தாள். யாராவது அதை மறுபடி நிறுத்தியிருந்தால் எல்லாம் வீண். இருந்தது. அதற்குப் பிறகுதான் கட்டளையை அடித்தாள்.

முதல் கார்டின் விளக்கு அணைந்தது. இரண்டாவதின் விளக்கு நிறம் மாறியது. அடிவாரத்து ரூட்டரோடு இருந்த பேச்சு அறுந்ததாக ஒரு வரி வந்தது. அடுத்த வரி வரும் வரை நாங்கள் இருவரும் திரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வந்தது. பேச்சு மீண்டும் தொடங்கியது, பாதைகள் அப்படியே இருக்கின்றன.

தமிழரசி போனை எடுப்பதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்தே அழைப்பு வந்தது.

“அக்கா, எப்ப மாத்தப் போறீங்க? நாங்க ரெடியா இருக்கோம்.”

“மாத்தியாச்சுங்க மேடம்,” என்றாள் தமிழரசி. “முடிஞ்சுது.”

டாக்டருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. படம் அசையக்கூட இல்லையே என்றார். பிறகு அழைப்பைத் துண்டித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். தமிழரசி நாற்காலியில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை. என் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

6

ஒரு மணி நேரத்தில் ரத்தப்போக்கு கட்டுக்குள் வந்தது. மதியத்துக்கு மேல் பாதை திறந்ததும் ஆம்புலன்ஸ் தாயையும் குழந்தையையும் கீழே கொண்டுபோனது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். பெண் குழந்தை.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் இதை நிலாவிடம் விவரமாகச் சொன்னேன். என் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. கேட்டு முடித்து, அப்படியென்றால் ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலையா அம்மா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். தமிழரசி ஆன்ட்டியைப் பார்க்கணும் என்றாள். அதைத் தமிழில் சொன்னாள்.

மறுநாள் அழைத்துப் போனேன். தமிழரசி அவளுக்குத் தேநீர் கொடுத்து, விளக்குகளைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினாள். ஒருத்திக்கு ஆங்கிலம் தடுமாறியது, இன்னொருத்திக்குத் தமிழ் தடுமாறியது. இருந்தும் என் உதவி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. செயலிழந்த கார்டை ஒரு பெட்டியில் வைக்கோல் போட்டுக் கட்டி, செந்தில் சேலம் பஸ்ஸில் கொண்டுபோயிருந்தார். மாற்றுக் கார்டு வரும் வரை ஒரே மூளைதான். அதனால் தமிழரசி ஆபீசை விட்டு நகருவதில்லை என்றாள். சாப்பாடும் அங்கேதான்.

நான் லீட்ஸ் திரும்புவதற்கு முந்தைய நாள் விடைபெற்றுக்கொள்ளப் போயிருந்தேன். புதுக் கார்டு வந்து ரூட்டரில் ஏறியிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எடப்புளி நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். இளம் வயது, கையில் குடை. வீட்டில் நெட் ஒரே சுற்றாகச் சுற்றுகிறது, குழந்தையைப் பார்க்க பெங்களூரில் இருக்கும் தங்கை கூப்பிட்டால் முகம் நின்று நின்று தெரிகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். தமிழரசி ஊர், பெயர் எல்லாம் விசாரித்தாள். பெயர் பழனிச்சாமி. குழந்தை பிறந்து எத்தனை நாள் என்று கேட்டாள். மழையில் பாதை அடைத்தபோது இங்கே மேலேயே பிறந்த குழந்தை என்றார். குழந்தையின் அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போய், டாக்டரம்மா புண்ணியத்தில் பிழைத்தாள் என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் தமிழரசி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“அம்மாவும் கொழந்தையும் இப்ப நல்லா இருக்காங்களாங்க?” என்று அவரிடம் கேட்டாள்.

“நல்லா இருக்காங்க. இப்பத்தான் களி திங்கறா.”

“நாளைக்குக் காலையில வந்து லைனைப் பார்க்கறேனுங்க. கம்பத்துலதான் கோளாறு இருக்கும்.”

அவர் தலையாட்டிவிட்டு, சீக்கிரம் வாங்க, ரெண்டு நாளா இதே தொந்தரவுதான் என்று இன்னொரு முறை குறைப்பட்டுக்கொண்டே இறங்கிப் போனார். ஏன் சொல்லவிடவில்லை என்று அவளைக் கேட்டேன். அந்த மனிதருக்குத் தெரியவேண்டாமா என்றேன். எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

தமிழரசி சன்னல் வழியாக அவர் குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொண்டாட்டி பொழச்சு வந்துட்டான்னு நெறஞ்ச மனசோட இருக்கறாரு புள்ள,” என்றாள். “அந்த உசுரு எங்க கம்பியில தொங்குச்சுன்னு சொல்லி, இனிமே நெட்டு சுத்தறப்பெல்லாம் அவரு பயந்துக்கணுமா?”

பிறகு செந்திலைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் முதல் வேலை எடப்புளி நாடு என்று சொன்னாள்.